புது நோய் வந்த முதல் மாதங்களில் எதை நம்புவது? (வாசகர் கேள்வி – பதில்)

கொரோனாவின் தொடக்க காலத்தில் விஞ்ஞானிகள் சொன்னது ஏன் இப்படி மாறிக்கொண்டே இருந்தது, அடுத்த நோய் வந்தால் எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை): ஐயா, 2020 ஜனவரியில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பரவுகிறது என்றார்கள். விஞ்ஞானம் என்றாலே இப்படித்தானா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

பதில்: உலக சுகாதார நிறுவனம் அதை ட்விட்டரில் சொன்னது ஜனவரி 14. சீன அதிகாரிகளின் முதற்கட்ட விசாரணையைச் சொல்லி வெளியிட்டார்கள். ஜனவரி 20 அன்று சீன மருத்துவர் ஜோங் நான்ஷான், இது மனிதர்களிடையே பரவுகிறது என்று வெளிப்படையாக அறிவித்தார். இடையில் ஆறு நாள். அந்த ஆறு நாளில் வைரஸ் ஒன்றும் மாறிவிடவில்லை, தேடும் விதம்தான் மாறியது.

வூஹானில் ஆரம்பத்தில் ஒருவரை இந்த நோயாளி என்று கணக்கில் சேர்ப்பதற்கான வரையறையிலேயே அந்த ஊரின் ஹுவானான் கடல் உணவுச் சந்தையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதும் இருந்தது. சந்தைக்குப் போனவர்களிடம் மட்டும் தேடினால் சந்தைக்குப் போனவர்கள்தான் கிடைப்பார்கள், அப்புறம் எல்லாமே சந்தையிலிருந்து வந்தது போலத்தான் தெரியும். ஜனவரி 24 அன்று லான்செட் மருத்துவ இதழில் முதல் 41 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தபோது, அவர்களில் 27 பேருக்குத்தான் சந்தைத் தொடர்பு இருந்தது. டிசம்பர் 1 அன்று அறிகுறி தொடங்கியதாகக் குறிக்கப்பட்ட முதல் நோயாளிக்கே அந்தத் தொடர்பு கிடையாது.

அதே நாள், அதே இதழில் இன்னொரு கட்டுரை. ஷென்சென் நகரத்துக் குடும்பம் ஒன்று. 6 பேர் வூஹான் போய்த் திரும்புகிறார்கள், 5 பேருக்குத் தொற்று. வூஹானுக்குப் போகவே போகாமல் ஊரிலேயே இருந்த இன்னோர் உறவினருக்கும் இவர்களோடு சில நாள் பழகிய பிறகு தொற்று. அந்த வீட்டில் 10 வயதுக் குழந்தை ஒன்று எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தது, ஆனால் ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெரிந்தது. மொத்தம் ஏழு பேர் அளவில் நடந்த ஆய்வுதான், ஆனால் "பரவுமா?" என்ற கேள்விக்கு அந்த ஊர் போகாத ஒருவர் போதும், ஆயிரம் பேர் தேவையில்லை.

உங்கள் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆய்வு சின்னதா பெரியதா என்று முதலில் பார்க்காதீர்கள், என்ன கேள்விக்கு அது பதில் என்று பாருங்கள். "இப்படி நடக்க முடியுமா" என்பதற்கு ஒரு குடும்பம் சாட்சியாக நிற்கும். "இந்த மருந்து காப்பாற்றுமா" என்பதற்கு ஒரு குடும்பமோ ஒரு மருத்துவமனையோ நிற்காது. ஜனவரி 14-ல் சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு: நன்றாகத் தேடிவிட்டோம், கிடைக்கவில்லை என்பதும், இன்னும் சரியாகத் தேடவே இல்லை என்பதும் கேட்பவர் காதில் ஒன்றுபோல விழும்படி சொல்லிவிட்டார்கள். எதுவரை தேடியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மக்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி (கோவை வாசகர்): முதலில் 3.4 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்றார்கள், பிறகு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னார்களா?

பதில்: இல்லை. 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் சொன்னது, பதிவான நோயாளிகளில் சுமார் 3.4 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது. "பதிவான" என்ற அந்தச் சொல் தலைப்புச் செய்திகளில் காணாமல் போனது. தொடக்கத்தில் பரிசோதனைக் கருவிகள் குறைவு, மருத்துவமனைக்கு வருமளவு முற்றியவர்களுக்குத்தான் பரிசோதனை, லேசாகக் காய்ந்து வீட்டிலேயே சரியானவர் கணக்கிலேயே வரமாட்டார். இதற்கு நேர் எதிராக இன்னொரு பிழையும் உள்ளே இருக்கும்: இன்று பதிவானவர்களில் சிலர் மூன்று வாரம் கழித்து இறக்கலாம், அவர்கள் இன்றைய இறப்புக் கணக்கில் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நினைக்கவும் முடியாது.

டயமண்ட் பிரின்சஸ் கப்பல் அந்த நேரத்தில் ஏன் அவ்வளவு உதவியது என்றால், அதில் இருந்தவர்கள் 3,711 பேர் என்று துல்லியமாகத் தெரியும், அறிகுறி இல்லாதவர்களையும் பரிசோதித்தார்கள். 712 பேருக்குத் தொற்று, அவர்களில் இறந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் கீழே. பயணிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பொது மக்களிடையே விகிதம் இன்னும் குறையும் என்று ஊகிக்க முடிந்தது.

நம் நாட்டுக்கான பதிலுக்கு 2020 மே, ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க 28,000 பேரிடம் ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் (தொற்று வந்துபோனால் உடம்பு உருவாக்கி வைப்பது) இருக்கிறதா என்று பார்த்தது. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்தான் இதை முன்னின்று நடத்தியது. முடிவு, 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது. கேட்கச் சின்ன எண், ஆனால் மே மாதத் தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பேர் என்று ஆகிறது. பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் கணக்கில் வராதவர்கள் 80-க்கும் மேல். இப்படி ஓர் ஆய்வு வரும் வரை எந்தச் சதவீதத்தையும் அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு செவிலியர்): கொரோனா வார்டில் வேலை பார்த்தேன். வாரம் ஒரு முறை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையைப் போடச் சொன்னார்கள், போட்டோம். பிறகு அது பயனே இல்லை என்று வந்தது. எங்களை வைத்துச் சோதனை செய்தார்களா?

பதில்: சகோதரி, சோதனை செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். சோதனை என்றால் உங்களிடம் ஒப்புதல் வாங்கியிருப்பார்கள், மாத்திரை போட்டவர், போடாதவர் என்று குலுக்கல் முறையில் பிரித்திருப்பார்கள், கடைசியில் யாருக்கு எவ்வளவு தொற்று என்று எண்ணியிருப்பார்கள். உங்கள் உடம்பு பட்ட பாட்டிலிருந்து அடுத்தவருக்கு ஒரு பாடம் கிடைத்திருக்கும். அப்படி இல்லாமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், அது காப்பாற்றியதா இல்லையா என்று எண்ண வழியே இல்லை.

இந்த மாத்திரைக் கதை எங்கே சூடு பிடித்தது என்று பாருங்கள். 2020 மார்ச் 20, பிரான்சில் மார்செய் நகரத்து தீதியே ரவூல் குழுவின் கட்டுரை. மருந்து பெற்றவர்கள் 20 பேர், பெறாதவர்கள் 16 பேர். ஆறாவது நாளில் மூக்கு, தொண்டை மாதிரியில் வைரஸ் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். முதலில் மருந்து பெற்றவர்கள் 26 பேர். 6 பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். இறந்தவரையும் ஐ.சி.யு. போனவரையும் விட்டுவிட்டு மருந்து வேலை செய்ததா என்று கேட்டால் என்ன பதில் வரும்? குலுக்கலும் கிடையாது, ஒப்பீட்டுக் குழுவில் சிலர் வேறு மருத்துவமனைகளிலிருந்து வந்தவர்கள். மறுநாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். அதற்கடுத்து ஓரிரு நாளில் இங்கே ஐ.சி.எம்.ஆர். சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பாகக் கொடுக்கலாம் என்றது. வாரம் 400 மில்லிகிராம், ஏழு வாரம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மார்செய் கட்டுரையை இதழ் முறைப்படி திரும்பப் பெற்றது 2024 டிசம்பரில். நான்கு வருடம் ஒன்பது மாதம்.

இதே மார்ச் மாதத்தில் பிரிட்டனில் வேறொன்று நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் ரிகவரி என்ற ஆய்வைச் சில நாட்களில் தயார் செய்து தொடங்கிவிட்டார்கள். சாதாரண அரசு மருத்துவமனைகளில், வேலைப்பளுவில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த மருத்துவர்களை வைத்தே நடந்த ஆய்வு. படிவம் சின்னது, குலுக்கல் கணினியில், 28 நாளில் நோயாளி உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதுதான் முதன்மைக் கேள்வி. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 27 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். ஜூன் 5 அன்றே பயனில்லை என்று அறிவித்துவிட்டார்கள். இது மருத்துவமனையில் படுத்த நோயாளிகளுக்கு. உங்கள் கேள்வி தடுப்பு பற்றியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொற்றாளரோடு பழகிய 821 பேரிடம் நடந்த குலுக்கல் ஆய்வு அதே ஜூன் மாதம் வந்தது, அதிலும் மருந்துக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். ஸ்டீராய்டு மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. சார்ஸ், ஃபுளூ அனுபவத்தை வைத்துச் சொன்ன, அந்த நேரத்துக்கு நியாயமான எச்சரிக்கைதான். ரிகவரி அதையும் குலுக்கிப் பார்த்தது. டெக்ஸாமெத்தசோன், எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கிற மலிவான பழைய மருந்து. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை, எண்ணிக்கை பாதகமான பக்கம்தான் சாய்ந்தது: மருந்து பெறாதவர்களில் இறப்பு 14 சதவீதம், பெற்றவர்களில் 17.8. நிபுணர்கள் வேண்டாம் என்ற மருந்து உயிர் காத்தது, நிபுணர்கள் போடு என்ற மாத்திரை காக்கவில்லை. யாருடைய அனுபவ ஊகமும் இதைச் சொல்லியிருக்க முடியாது, எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த மூன்றாவது எண்ணை மட்டும் நம் ஊரில் மறந்துவிட்டோம். 2021 இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த அன்றே வீட்டில் ஸ்டீராய்டு போட்டவர்கள் எத்தனை பேர்! கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கூடவே ஸ்டீராய்டு, அதன் பிறகு வந்த கருப்புப் பூஞ்சை. அதை வார்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): 2021 மே மாதம் அப்பாவுக்காக பிளாஸ்மா தேடி இரண்டு நாள் அலைந்தோம். கிடைத்தது, ஆனாலும் அப்பா போய்விட்டார். சில நாளிலேயே பிளாஸ்மா சிகிச்சை கைவிடப்பட்டது என்று செய்தி. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

பதில்: உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். நீங்கள் செய்ததில் எந்தத் தவறும் இல்லை, மருத்துவர் கேட்டதைக் கொண்டுவந்தீர்கள், அப்பாவுக்காக ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள்.

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. பிளாஸ்மா, அதாவது நோயிலிருந்து மீண்டவர் ரத்தத்திலிருந்து எடுக்கும் நீர்ப்பகுதி, பயன் தருமா என்பதற்குப் பதில் அப்போது இருந்தது, அதுவும் நம் நாட்டிலேயே கண்டுபிடித்த பதில். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை இந்தியாவின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஐ.சி.எம்.ஆர். குலுக்கல் ஆய்வு நடத்தியது, பிளாசிட் என்று பெயர். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா பெற்ற குழுவில் 19 சதவீதம், பெறாத குழுவில் 18 சதவீதம். அக்டோபரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பெருந்தொற்றின் நடுவில், ஊரடங்கில், உலகத்திலேயே முதலில் முடிந்த பெரிய பிளாஸ்மா ஆய்வுகளில் ஒன்று அது; அதைச் செய்தவர்களைப் பற்றி எனக்கு மிகுந்த மரியாதை. இருந்தும் தேசிய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17. அதற்குச் சில நாள் முன் பிரிட்டனில் 11,558 பேரிடம் நடந்த ஆய்வும் இரு குழுவிலும் இறப்பு 24 சதவீதம் என்று சொல்லியிருந்தது. இடைப்பட்ட ஏழு மாதத்தில் எத்தனை குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் ரத்த வகையைப் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தன! ஆதாரம் இல்லாத இடைவெளியை யாரும் மன்னிக்கலாம். ஆதாரம் கையில் வந்த பிறகும் அது வார்டுக்கு வந்து சேராத இந்த இடைவெளியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி (திருநெல்வேலி கல்லூரி மாணவர்): ப்ரீபிரிண்டை நம்பக் கூடாது, பெரிய இதழில் வந்தால் நம்பலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றுவதுதான் ப்ரீபிரிண்ட், பிளாசிட் முடிவுகூட முதலில் அப்படித்தான் வந்தது. இந்தப் பக்கம், 2020 மே 22 அன்று லான்செட்டில் 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று ஒரு கட்டுரை, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆபத்து என்று. அதைப் பார்த்து மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. தரவு கொடுத்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம். எந்த மருத்துவமனைகள், மூலத் தரவு எங்கே என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் கேட்டார்கள், காட்ட முடியவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை வாபஸ். மருந்து பயனில்லை என்பது பின்னால் உண்மையாகத்தான் ஆனது, அதற்காக அந்தக் கட்டுரை சரியாகிவிடாது.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து கொரோனாவுக்கு உதவும் என்று எகிப்திலிருந்து வந்த ப்ரீபிரிண்டில் கோளாறுகளைக் கண்டுபிடித்தது லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு முதுகலை மாணவர். 2021 ஜூலையில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த வேலையை நீங்களும் செய்யலாம் தம்பி, எண்களைக் கூட்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

கேள்வி (சென்னை, இல்லத்தரசி): பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவினோமே, தேவையே இல்லையா?

பதில்: அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நீங்கள் செய்தது சரி. 2020 மார்ச்சில் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் மேல் மூன்று நாள் வரை வைரஸ் இருந்ததாக வந்தது உண்மை. ஆனால் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் உயிரோடு இருக்கிறது என்பது வேறு, அதைத் தொட்டு ஒருவருக்கு நோய் வந்தது என்பது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் தேடித் தேடிப் பார்த்தும் மிகக் குறைவாகத்தான் கிடைத்தது. அதே மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. 61 பேரில் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்திருக்கக்கூடும் என்று கணித்தார்கள், இருவர் இறந்தார்கள். காற்றைப் பற்றி அப்போதே அதிகம் பேசியிருக்க வேண்டும். அந்த ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து திறந்த கடிதம் எழுதித்தான் அந்தப் பேச்சு வேகம் பிடித்தது.

கேள்வி (மலேசியா, ஈப்போ வாசகர்): 1998-ல் எங்கள் ஊர்ப்பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தபோது கொசு மருந்துதான் அடித்தார்கள். ஏன் அவ்வளவு நாள் நிபா என்று தெரியவில்லை?

பதில்: நிபா என்று ஒரு வைரஸ் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. மூளைக்காய்ச்சல், பக்கத்தில் பன்றி, இந்த இரண்டையும் பார்த்ததும் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைப்பது எந்த மருத்துவருக்கும் இயல்பு. சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்தது. ஆகவே கொசு ஒழிப்பு, தடுப்பூசி.

பொருந்தாத தடயங்களும் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது குழந்தைகளை, இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளே பலமாக இருமிக்கொண்டு நோயுற்றன. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் யார் என்ன தொழில் செய்கிறார் என்று பார்த்தா கொசு கடிக்கும்? இதற்குள் பன்றிகள் விற்பனைக்காக நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்து, நோயும் கூடவே போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸை வளர்த்தெடுத்தார், அது எதிர்பார்த்த வைரஸ் போல நடந்துகொள்ளவில்லை. மாதிரியை அமெரிக்காவுக்கே எடுத்துப் போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் வேறு குடும்பத்து வைரஸ் என்று தெரிந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம், 10 லட்சத்துக்கும் மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன.

2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது அதன் பெயரும், அது வவ்வாலிலிருந்து வரும் என்பதும் தெரியும், ஆனாலும் முதலில் பிடித்த வவ்வால்களில் வைரஸ் இல்லை என்று வந்ததும் வவ்வால் காரணமில்லை என்று செய்தி பரவிவிட்டது. கிணற்றில் பிடித்த அவை பூச்சி தின்னும் வவ்வால்கள். பிறகு அந்தப் பகுதிப் பழந்தின்னி வவ்வால்களைச் சோதித்தபோது வைரஸ் கிடைத்தது.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): எல்லாம் வெளிநாட்டு ஆய்வாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லையா?

பதில்: கண்டுபிடித்தார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. 2020 செப்டம்பர் இறுதியில் சயன்ஸ் இதழில் ரமணன் லட்சுமிநாராயணன், ஜோசப் லெவ்னார்ட் உள்ளிட்டோரும் தமிழகம், ஆந்திர அரசு அதிகாரிகளும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். அதுவரை அவ்வளவு பெரிய தொடர்பு விவரம் எந்த நாட்டிலிருந்தும் வந்ததில்லை. சுமார் 71 சதவீத நோயாளிகளின் தொடர்பில் ஒருவருக்கும் தொற்று கண்டுபிடிக்கப்படவில்லை, சிலரிடமிருந்து மட்டும் நிறையப் பேருக்குப் போனது. குழந்தைகள் தங்கள் வயதுக் குழந்தைகளுக்குப் பரப்புகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது, அதுவரை இதில் பெரிய குழப்பம் இருந்தது. மருத்துவமனையில் சேர்ந்து இறந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அது 13 நாள். தாமதமாக வந்து சேர்ந்தார்களோ என்று யோசிக்க வைக்கும் எண், காரணத்தை அந்தத் தரவு மட்டும் சொல்லிவிடாது.

அது எந்த ஆய்வகத்திலும் உருவானதல்ல, வெயிலில் வீடு வீடாகப் போய் "யார் யாரைப் பார்த்தீர்கள்" என்று கேட்டு எழுதிய சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் சேர்த்தது. அதில் ஓட்டைகளும் உண்டு. ஒரே வீட்டில் இருவருக்குத் தொற்று என்றால் யாரிடமிருந்து யாருக்கு என்று பல நேரம் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டுரை எழுதியவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த நோய்க்கு அந்தப் பதிவேட்டில் அறிகுறி தொடங்கிய தேதியையும் தவறாமல் எழுதினால் இந்த ஓட்டையில் பெரும்பகுதி அடைபடும், அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு கட்டமும் எழுத ஆளும்தான்.